வண்டிக்குள் ஒரு மணி நேரம்

அவசர மருத்துவ உதவி பற்றிய பாடங்கள் பெரும்பாலும் பெருநகரத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. அழைப்பு வரும், வண்டி கிளம்பும், ஏற்றிய பத்துப் பதினைந்து நிமிடங்களில் நோயாளியைப் பெரிய மருத்துவமனை வாசலில் இறக்கிவிடலாம். எங்கள் கடற்கரையில் அந்தக் கணக்கு செல்லாது. அரிச்சல்முனையில் ஒருவர் மயங்கி விழுந்தால் ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்கு வரவே சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்து, மண்டபம், உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் போய்ச் சேர இன்னும் 55 கிலோமீட்டர். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். அதற்கு முன் பலத்த தலைக்காயம் என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைதான். அது மேலும் 110 கிலோமீட்டருக்கு மேல். இன்றும் சிலரை மதுரைக்கு ரெஃபர் செய்யத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே 108 வண்டியின் பின்பகுதியில் நோயாளியும் மருத்துவ உதவியாளரும் சேர்ந்திருக்கும் நேரம் ஒரு மணி, சில வேளை மூன்று மணி. இந்த நேரத்தில் நோயாளியை மதித்து நடத்துவதைப் பலரும் நற்குணத்தின் கணக்கில் சேர்க்கிறார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சிகிச்சைக்குக் குறையில்லை என்பது அவர்கள் எண்ணம். இந்தத் தொழிலில் இருப்பவனாக நான் அதை ஏற்கவில்லை. மதிப்புக் குறைந்த இடத்தில் தகவல் குறைகிறது, தகவல் குறைந்த இடத்தில் சிகிச்சை தவறுகிறது. இந்த வேலையில் மனம் தேய்ந்துபோகாமல் நிலைத்திருக்க உதவுவதும் இதே மதிப்புதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ராமேஸ்வரம் தீவின் பழைய நிலையை நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு மணி நேரத்தின் அருமை புரியும். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாலமும் சிதைந்து, 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. சாலைப் பாலம் திறக்கப்பட்டதோ 1988 அக்டோபர் 2 அன்றுதான். அதுவரை ராமேஸ்வரத்தில் நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ரயில் நேரம் அல்லது படகு, இந்த இரண்டை விட்டால் வேறு வழி கிடையாது. பாலம் வந்த பிறகும் இருபது ஆண்டுகள், கிடைத்த வேனில், ஆட்டோவில், மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நோயாளிகள் போனார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியபோது வேகமான வண்டி வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். வேன் ஓட்டுநரும் வேகமாகத்தான் ஓட்டினார். புதிதாக வந்தது, நோயாளியின் பக்கத்தில் அவரையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பயிற்சி பெற்ற ஓர் ஆள்.

இந்தத் தொழில் பிறந்த வரலாறும் அதையே காட்டுகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1960-களில் ஆம்புலன்ஸ் வேலையைப் போலீஸ் வண்டிகள்தான் பார்த்தன. ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கறுப்பின மக்களுக்கு அந்த வண்டி எப்போது வரும், வந்தால் எப்படி நடத்துவார்கள் என்ற நிச்சயமே இல்லை. 1967-இல் அங்கே ஃபிரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலையற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த அதே பகுதி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இதய–நுரையீரல் உயிர்ப்பிப்பு முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாஃபர் பயிற்சித் திட்டம் வகுத்தார். பின்னர் மருத்துவர் நான்சி கரோலின் அவர்களை வழிநடத்தினார். 1975-இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டாலும், அங்கே உருவான பாடத்திட்டம் அமெரிக்கா முழுவதற்குமான பாராமெடிக் பயிற்சிக்கு அடித்தளமானது. தங்களை மதிக்காத வண்டியை நம்ப முடியாத மக்களிடமிருந்துதான் நவீன ஆம்புலன்ஸ் மருத்துவத்தின் ஒரு பெரிய கிளை முளைத்தது. மதிப்பைப் பிறகு ஒட்டவைத்த அலங்காரமாகப் பார்ப்பவர்களுக்கு இந்த வரலாறு இடம் கொடுக்காது.

இனி எங்கள் அன்றாடத்துக்கு வருகிறேன். சாலையோரம் கிடக்கும் ஒருவரைச் சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்லும் சொல் ‘குடிச்சிருக்கான்’ என்பதாகவே இருக்கும். வாடையும் அடிக்கலாம். அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டால் கை தளர்ந்துவிடும். பரிசோதனை பாதியில் நின்றுவிடும். குடித்தவருக்கும் ரத்தத்தில் சர்க்கரை குறையும். குடித்தவருக்குத்தான் அது அதிகமாகவே குறையும். குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்தவரின் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். அதன் முதல் அறிகுறிகளான குழறலும் தள்ளாட்டமும் தூக்கமும் போதையைப் போலவே தோன்றும். நினைவுநிலையை அளக்க நாங்கள் பயன்படுத்தும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-இல் வகுக்கப்பட்டது. கண் திறப்பு, பேச்சு, அசைவு என்ற மூன்றையும் கண்டபடி குறிக்கச் சொல்கிறது. அந்த ஆள் யார், எந்த நிலையில் கிடந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. அவரை ‘ஐயா, கண்ணைத் திறங்க, பேரு என்ன?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, விரல் நுனியில் சுகர் பார்த்து, பாம்பன் தாண்டும்போது மறுபடி கேட்டு, உச்சிப்புளியில் இன்னொரு முறை கேட்பவருக்குத்தான் பேச்சு மங்கிக்கொண்டே வருவது தெரியும். ‘டேய், எந்திரி’ என்று ஒரு முறை உலுக்கிவிட்டு முன்சீட்டுக்குப் போய்விட்டவருக்குத் தெரியாது. இரண்டாமவர் செய்ததை வெறும் மரியாதைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அது பரிசோதனைக் குறைவு.

பாம்புக்கடியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள். தூரம் ஒரு காரணம். தயக்கம் இன்னொன்று. கருவேலங்காட்டில் விறகு வெட்டும்போது கடிபட்டவர் முதலில் மந்திரிக்கப் போயிருப்பார், பச்சிலை அரைத்துக் கட்டியிருப்பார், கயிற்றால் இறுக்கியிருப்பார். அதைச் சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தால் மறைத்துவிடுவார். எத்தனை மணிக்குக் கடித்தது, எவ்வளவு நேரம் கட்டியிருந்தது, உள்ளுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பொய்யான பதில்தான் வரும். கடலில் கடித்ததா, கரையில் கடித்ததா என்பதும் முக்கியம். நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு தரைப் பாம்புகளுக்கானது. வலையில் சிக்கிய கடல் பாம்பு கடித்தவருக்கு அது பயன் தராது, அவருடைய மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பதுதான் சிகிச்சை. எது கடித்தது என்று மீனவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். திருக்கை முள் தைத்தால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைக்க வேண்டும் என்பதைப் பல கரைகளில் பாட்டிகள் சொல்லிக் கேட்கலாம். அந்த விஷம் சூட்டில் சிதையும் புரதம் என்று மருத்துவமும் அதையே சொல்கிறது. சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்குப் பாறை கிழித்த காயத்துக்கும் சொறி (ஜெல்லி மீன்) பட்ட தழும்புக்கும் உள்ள வித்தியாசம் கைப்பழக்கம். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது பணிவாகவும் இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை அது மலிவான, விரைவான, பெரும்பாலும் சரியான நோயறி முறை.

விஷம் குடித்தவர்களிடம் பேசும் விதத்துக்கு நான் தனி இடம் கொடுப்பேன். வீட்டார் அவமானத்தில் ஒடுங்கிப்போய் நிற்பார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் புட்டியை ஒளித்துவைப்பார்கள். ‘வயித்து வலி’ என்று சொல்லி ஏற்றிவிடுவார்கள். என்ன குடித்தார் என்பது தெரியாமல் மருத்துவர் இருட்டில்தான் துழாவ வேண்டும். இந்த இடத்தில் சட்டம் எங்களுக்குத் துணை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், அதுவரை இதைக் குற்றமாக வைத்திருந்த பழைய பிரிவே இல்லை. இதைத் தாயிடமும் கணவனிடமும் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் புட்டி வெளியே வரும். ‘அம்மா, இவரு மேல கேஸ் போட நாங்க வரல, எதக் குடிச்சாருன்னு மட்டும் சொல்லுங்க.’ மாறாக, ‘சாகத்தானே போனே, எதுக்கு எங்களக் கூப்பிட்ட’ என்று கேட்கும் நாக்கு புட்டியை நிரந்தரமாக ஒளித்துவைக்கும். பிழைத்தவர் அடுத்த முறை அழைக்கவே மாட்டார்.

இந்த மாவட்டத்தில் மரியாதை பற்றி எழுதுகிறவர் ஏர்வாடியைக் கடந்து போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், அங்கே தனியார் நடத்திய மனநல இல்லம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன. நாடு முழுவதும் மனநல இல்லங்களின் நிலையைப் பற்றி மாநில அரசுகள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவர்கள் வரும் ஏற்பாடு வந்தது. நம்பிக்கையோடு வந்தவரைக் கேலி செய்யாமல், அவர் நிற்கும் இடத்துக்கே மருத்துவம் போனது என்பதால் அந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஏர்வாடித் தீயை அவசர மருத்துவத்தின் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த 28 பேரும் மனநோயால் சாகவில்லை. எழுந்து ஓடக்கூடிய கால்கள் அவர்களுக்கு இருந்தன. காவல் இருப்பவரின் வசதிக்காகப் போட்ட சங்கிலிதான் அவர்களைத் தீயில் நிறுத்தியது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். மனக்கொந்தளிப்பில் இருப்பவர் ஓடும் வண்டியின் கதவைத் திறக்கிறார், உதவியாளரின் கழுத்தைப் பிடிக்கிறார். பாலத்தின் நடுவில் இது நடந்தால் கட்டாமல் என்ன செய்வது? கட்ட வேண்டிய நேரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எப்போது, எப்படி என்று மனநலப் பராமரிப்புச் சட்டமே தெளிவாக வகுத்திருக்கிறது. சங்கிலியை எந்த வடிவிலும் அது தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழி இல்லை என்றால் மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம், தேவையான நேரத்துக்கு மேல் நீட்டக் கூடாது, தண்டனையாகச் செய்யக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் செய்யக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனை மனநல நிலையங்களுக்காக எழுதப்பட்டது; எங்கள் வண்டிக்கும் அதுவே அளவாக இருக்க வேண்டும். மென்மையான துணியால் கட்டி, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று அவரிடமே சொல்லி, விரல் நுனியில் ரத்த ஓட்டம் பார்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அது சிகிச்சை. கட்டிப்போட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏர்வாடிக் கொட்டகையின் சிறு வடிவம். இன்னொன்றும் உண்டு: திடீரென உளறிக் கலவரப்படும் முதியவருக்கு மனநோய் என்று முத்திரை குத்தும் முன் சர்க்கரையும் காய்ச்சலும் ஆக்சிஜனும் பார்க்க வேண்டும். மூளைக்குப் போதுமான காற்று கிடைக்காதவரும் கையை உதறிக்கொண்டு சண்டைதான் போடுவார்.

ராமேஸ்வரத்தின் யாத்ரீகர்கள் வேறு வகைச் சோதனை. தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் வட இந்தியாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் முதியவர்கள் வருகிறார்கள். நீண்ட ரயில் பயணம், வெறும் வயிறு, தள்ளிப்போட்ட சர்க்கரை மாத்திரை அல்லது சாப்பிடாமல் போட்டுக்கொண்ட இன்சுலின், அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, பிறகு 22 தீர்த்தங்களிலும் ஈரத்தோடு நடை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சொல்ல மொழியும் இல்லை. இந்தியில் பத்து வாக்கியம், தெலுங்கில் பத்து வாக்கியம் எங்களில் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வலி எங்கே, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். இதயத் துடிப்பு நின்ற ஒருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க ஈர உடையை விலக்கி மார்பைத் துடைக்க வேண்டும். பெண்ணாக இருந்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். அப்போது சுற்றிலும் செல்போன்கள் உயரும். கூட வந்த பெண்கள் நால்வரைக் கூப்பிட்டு, சேலையையோ போர்வையையோ விரித்து வெளிப்பக்கம் பார்த்து நிற்கச் சொன்னால், அவருடைய மானமும் காக்கப்படுகிறது, எங்களுக்குக் கைவீசி வேலை செய்ய இடமும் கிடைக்கிறது, பதறி நிற்கும் உறவினருக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைக்கிறது.

2022 மார்ச் முதல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் படகேறி, தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்களும் இதே கரையின் நோயாளிகள்தான். குழந்தைகளோடு, குடிநீர் இல்லாமல் வெயிலில் காத்திருந்தவர்கள். அவர்களிடம் ஆவணம் கேட்பது வேறு அதிகாரிகளின் வேலை. உயிரைக் காப்பதற்கு முன்னால் எந்தச் சட்ட நடைமுறையும் குறுக்கே நிற்கக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு அது போதும்.

நேரமில்லை என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. சில நிமிடங்களுக்கு அது உண்மை. மூச்சுக்குழாய் அடைத்திருக்கும்போது, ரத்தம் பீறிடும்போது, மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது கைதான் பேச வேண்டும். ஆனால் அந்த நிமிடங்கள் முடிந்த பிறகு ராமநாதபுரம் வரை மீதமிருக்கும் நேரத்தை என்ன செய்கிறோம்? நகரத்து உதவியாளர் நேரமில்லை என்று சொல்லலாம். நாங்கள் சொல்ல முடியாது. பேச்சைக் கேட்டுக்கொண்டே நாடி பார்க்கலாம், ‘இப்ப ஊசி போடப் போறேன், வலிக்கும்’ என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். கூட வந்தவர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி பெரும்பாலும் பணத்தைப் பற்றியது. வண்டிக்குக் காசு இல்லை என்பதையும், சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதையும் பாலம் தாண்டுவதற்குள் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால், பாதி வழியில் ‘வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க’ என்ற கெஞ்சல் வரும்.

இன்னொரு மறுப்பு எனக்கு அதிக வலி தருவது. அதில் உண்மை இருக்கிறது. நீண்ட பணிநேரம், குறைந்த சம்பளம், தாமதமானால் அடி உதை என்ற நிலையில் இருப்பவரிடம் கனிவை எதிர்பார்ப்பது அநியாயம் என்கிறார்கள். நிலைமை மாற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதற்காகக் குரல் கொடுப்பவர்கள் பக்கம்தான் நான். ஆனால் நிலைமை மாறும்வரை மரியாதையை நிறுத்திவைப்பது எங்களுக்கே கேடு. மனம் தேய்வது உழைப்பால் மட்டும் வருவதில்லை. செய்வதெல்லாம் ஏற்றி இறக்கும் வேலை என்று தோன்றும்போதும் வருகிறது. உயிர் காக்கும் வீரன் என்ற கனவோடு சேர்ந்தவருக்கு, வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை பிரசவம், வயிற்று வலி, சிறு விபத்து என்று தெரியும்போது ஏமாற்றம் வரும். ஆனால் பிரசவத்துக்குப் போகும் பெண்ணின் வலி இடைவெளியைக் கணக்கிட்டு, கீழக்கரை உம்மா ஒருவரிடம் மருமகளின் முந்தைய பிரசவம் பற்றிப் பொறுமையாகக் கேட்டு, ரத்தப்போக்கு வரலாம் என்று முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தகவல் சொல்பவர் திறமையோடு ஒரு வேலையைச் செய்கிறார். அந்தத் திறமை வளர்வது அவருக்கே தெரியும். நோயாளி பிழைத்தாரா என்ற செய்தி வராத நாட்களிலும் அது அவர் கையில் இருக்கிறது.

அந்தச் செய்தியும் வர வேண்டும் என்பதே நான் கேட்கும் மாற்றம். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது நோயாளியின் காது கேட்கத்தான் அவரைப் பற்றிப் பேசுகிறோம். ‘விஷக் கேஸ், ரெண்டாவது தடவ’ என்று உரக்கச் சொல்வதற்குப் பதிலாக, பெயரைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, குடும்பம் நம்பிக் கொடுத்த தகவலைத் தாழ்ந்த குரலில் சொல்லி, ‘இனி இந்த டாக்டர் உங்களப் பாத்துக்குவாங்க’ என்று அவரிடமும் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். பதிலுக்கு, ஒரு வாரத்துக்குள் மருத்துவமனை ஒரே ஒரு வரியைத் திருப்பி அனுப்பட்டும்: உறுதியான நோய் என்ன, நாங்கள் வண்டியில் குறித்தது சரியா, எதைக் கேட்காமல் விட்டோம். பெயரும் விவரமும் வேண்டாம், நோயாளியின் அந்தரங்கம் அவருடையது. அந்த வரி தவறாமல் வந்தால் தங்கச்சிமடத்தில் அடுத்ததாக ஏற்றும் முதியவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இன்னும் சரியானதாக இருக்கும்.